பொது ஊழியத்திற்குப் பழக்கம்

2024-ம் வருஷம் ஜூன் மாதம் 9-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதிப் பரீக்ஷையை நடத்திற்று. கிராம நிர்வாக அதிகாரி, இளநிலை உதவியாளர், தட்டெழுத்தர் முதலிய உத்தியோகங்களுக்கென முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. மனுச் செய்தவர்களோ ஏறக்குறைய 20 லட்சம் பேர். ஓரிடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் என்று கணக்காகிறது. மூன்று மணி நேரத்தில் 200 வினாக்களுக்கு விடை குறித்துவிட்டு, இவர்களில் பரீக்ஷைக்கு வந்தவர்கள் வீடு திரும்பினார்கள். இத்தனை லட்சம் யுவர்களும் யுவதிகளும் ஒரே நாளில் ஒரே நோக்கத்துடன் ஒன்று கூடுவது அபூர்வமான காட்சி. இவர்களில் எத்தனை பேர் ஓர் அடங்கல் புத்தகத்தைக் கையால் தொட்டிருப்பார்கள்? எத்தனை பேர் கிராம சபை ஒன்றில் கணக்கு வாசிக்கப்படுவதை இறுதிவரை உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்? எத்தனை பேருக்குத் தம் ஊர் ஏரியின் மதகு எது, கலங்கல் எது என்று தெரியும்? பரீக்ஷை இவற்றைக் கேட்பதில்லை. கேட்காததை யாரும் படிப்பதுமில்லை. இதில் மாணாக்கர்மீது குற்றமில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

குற்றம் எங்கே இருக்கிறதென்று பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காஞ்சீபுரம் ஜில்லா வாலாஜாபாத் தாலுகாவிலுள்ள தென்னேரியை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே ஏரியை வைத்திருக்கும் ஊர். ஜில்லாவின் பெரிய ஏரிகளில் ஒன்று அவ்வூரது. இந்த ஜில்லாவில் நீர்வளத் துறையின் பராமரிப்பில் மட்டும் 381 ஏரிகள் உண்டு. காஞ்சியிலோ பச்சையப்பன் பெயரால் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனிக் கலாசாலைகள் இருக்கின்றன. பட்டதாரிகளை அவை வருஷந்தோறும் வெளியே அனுப்புகின்றன. அவர்களில் சர்க்கார் உத்தியோகத்தை நாடுகிறவர்கள் பட்டம் பெற்றதும் சென்னைக்கு ரயிலேறி, ஏதேனும் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டி, சோழர் கால நீர்ப்பாசனத்தைப் பற்றிக் கொள்குறி வினாக்களுக்கு விடை மனப்பாடம் செய்கிறார்கள். சோழர் காலத்து ஏரிகள் அவர்கள் ஏறிய ரயில் நிலையத்தின் நாற்புறமும் கிடக்கின்றன!

தென்னேரி போன்ற ஓர் ஊரில் இரண்டு மாதம் ஒரு மாணாக்கன் இருந்தால் என்ன கற்பான்? ஒரே தண்ணீருக்கு எத்தனை கச்சேரிகள் என்பதை முதலில் கற்பான். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரியாதலால் கரையும் மதகும் நீர்வளத் துறைப் பொறியாளரின் பொறுப்பு. அதே ஊரின் சிறு குட்டைகளும் ஊருணிகளும் பஞ்சாயத்தைச் சேர்ந்தவை. ஏரிக்குள் ஒருவன் வேலி போட்டால் அதை ஆக்கிரமிப்பென்று குறித்து அறிக்கை அனுப்ப வேண்டியவர் கிராம நிர்வாக அதிகாரி. அளந்து காட்ட வேண்டியவர் சர்வேயர். நோட்டீசுக்கு உத்தரவிட வேண்டியவர் தாசில்தார். பயிர் வாடினால் குடியானவன் போய் நிற்பது வேளாண்மைத் துறையின் வாசலில். இவ்வாறு பங்கிடப்பட்டிருப்பதில் நியாயமும் உண்டு, அநியாயமும் உண்டு. எது எவ்வளவு என்பதைப் புத்தகம் சொல்லித்தராது. கடைமடைக்காரன் ஒருவனோடு ஒரு பகல் முழுவதும் இந்தக் கச்சேரிகளைச் சுற்றி வந்தவனுக்கே அது விளங்கும். சுற்றி வந்தவன் பிற்காலத்தில் தாசில்தாராகவோ பொறியாளனாகவோ அமர்ந்தால், தன் மேஜைக்கு வரும் மனுவை ‘உரிய துறைக்கு அனுப்பப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதி ஒதுக்குவதற்கு முன் சற்றேனும் தயங்குவான்.

இரண்டாவதாக, பதிவேட்டுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைக் கற்பான். அடங்கலில் நெல் என்றிருக்கும். போய்ப் பார்த்தால் மனைக்கல் நட்டிருக்கும். பட்டாவில் பாட்டன் பெயர் இருக்கும். உழுபவன் பேரனுடைய குத்தகைக்காரனாக இருப்பான். இது அற்ப விஷயமல்ல. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகிய பிறகும், 2022-ல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகும், இப்பகுதியில் ஒரு சர்வே எண்ணைச் சரியாக வாசிக்கத் தெரிவதும் தெரியாமலிருப்பதும் ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வுமாகிவிட்டது. அவ்விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் இங்கே நாம் புகவில்லை. எந்தத் திட்டமானாலும் அதை நிறைவேற்றுகிறவனும் சரி, எதிர்க்கிறவனும் சரி, நிலத்தின் தஸ்தாவேஜை வாசிக்கத் தெரிந்தவனாயிருக்க வேண்டுமென்பதே நாம் சொல்வது. நம் அரசியல் ஊழியர்களிலும் எத்தனை பேர் இதில் தேர்ந்தவர்கள் என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

இப்படிப் பழகித் தேர்வது தமிழருக்குப் புதிதன்று. இதே ஜில்லாவின் உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ம் வருஷங்களைச் சேர்ந்தவை. குடத்தில் ஓலையிட்டு வாரியம் தேர்ந்த கதையை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஆனால் அக்கல்வெட்டில் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கிறது. முப்பது குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களையும் பொறுக்கியெடுத்துத்தான் சம்வத்ஸர வாரியத்தில் பன்னிருவராக அமர்த்தினார்கள். எஞ்சியோரில் பன்னிருவர் தோட்டத்துக்கும், அறுவர் ஏரிக்கும் போனார்கள். அதாவது ஊரின் பெரிய காரியத்தைக் கையிலெடுக்குமுன் ஏரியின் சேற்றை மிதித்திருக்க வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடியும் ஓலை இல்லை. அவனுடைய உறவினருக்கும் இல்லை. ஆனால் அக்காலத்தைத் தங்கத்தால் பூச நாம் விரும்பவில்லை. கால் வேலி நிலமும் சொந்த மனையும் வேத ஞானமும் கேட்ட சபை அது. உழுதவனுக்கு அதில் இடமில்லை; பெண்ணுக்கு இடமேயில்லை. வேலியைத் தள்ளிவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

நம் கால விஷயம் ஒன்றைக் கூறுவோம். 1980-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் எம். ஜி. ராமச்சந்திரன் அவர்களின் சர்க்கார் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. வம்ச பாத்தியதை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதென்று உச்ச நீதிமன்றம் முன்பே கூறியிருந்தும், நடைமுறையில் அப்பதவிகள் சில குடும்பங்களைச் சுற்றியே வந்துகொண்டிருந்தன. 1982-ல் அந்த ஒழிப்பையும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பரீக்ஷை எழுதித் தேறிய கிராம நிர்வாக அதிகாரிகள் வந்தார்கள். நந்தனார் சேரியில் பிறந்தவனும் ஊர்க்கணக்கைக் கையில் எடுக்கலாமென்றாயிற்று. இது நல்ல காரியம், தாமதமாக வந்த நல்ல காரியம். ஆனால் பழைய கர்ணத்தின் மகனுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது: அவன் வீட்டுத் திண்ணை. பத்து வயதிலேயே சிட்டாவும் அடங்கலும் அவன் காதில் விழுந்தன. ஜமாபந்தி வந்தால் தகப்பனுக்குக் கணக்குக் கட்டைச் சுமந்து சென்றான். திண்ணையை ஒழித்தோம், அதற்குப் பதிலாக எதை வைத்தோம்? தறிக்காரன் மகளுக்கும் கூலிக்காரன் மகனுக்கும் கச்சேரியின் உட்புறம் எப்படியிருக்குமென்று காட்ட யார் இருக்கிறார்கள்? உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு வேளையில் கிடைக்கும் ஞானம் இவர்களுக்கு உத்தியோகம் கிடைத்த பிறகுதான் கிடைக்கிறது. நேர்முகத் தேர்வில் இந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. எழுத்துப் பரீக்ஷையில் சமமாக நின்றவர்கள் அங்கே வந்ததும் ஏன் பிரிகிறார்கள் என்று வியப்பவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

வேலைக்கு வந்த பின் பயிற்சி தரப்படுகிறதே என்பார்கள். தரப்படுவது உண்மை. இளநிலை உதவியாளர்களுக்குப் பவானிசாகரில் ஒரு பயிற்சி நிலையமிருக்கிறது, ஐ.ஏ.எஸ். தேறியவர்களுக்கு முசோரியில் பெரிய கழகமும், அதன்பின் ஜில்லாவில் பழக்கமும் உண்டு. அவ்வளவு ஏன், நம்மை ஆள வந்த அந்நியரே ஆள்வதற்குமுன் மொழி பயில வேண்டுமென்று 1812-ல் சென்னையில் எல்லிஸ் துரையின் முயற்சியால் கோட்டைக் கல்லூரியை நிறுவிக்கொண்டார்கள். ஆனால் இவை யாவும் தேறியவர்களுக்கு. தேறாத பல லட்சம் பேர் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று பரீக்ஷைக்கே வாழ்நாளைச் செலவிட்டுவிட்டு, கையில் ஒரு தொழிலுமில்லாமல், ஊர்க் காரியம் ஒன்றும் தெரியாமல், கசப்புடன் வீடு திரும்புகிறார்கள். கலாசாலையிலிருக்கும்போதே இரண்டு மாதம் பொதுக் காரியத்தில் பழகியிருந்தால், உத்தியோகம் கிடைக்காதவனும் நல்ல பஞ்சாயத்துத் தலைவனாகவோ கூட்டுறவுச் சங்க நிர்வாகியாகவோ, குறைந்தபட்சம் ஏமாற்ற முடியாத பிரஜையாகவோ ஆகியிருப்பான். இந்த வேலை தனக்கு ஒத்துவராதென்று காலத்தில் தெரிந்துகொண்டு வேறு வழி பார்க்கிறவனுக்கும் லாபந்தான்.

சர்க்கார்களுக்கு இவ்விஷயத்தில் எண்ணமே இல்லையென்று சொல்ல மாட்டோம். எண்ணங்கள் அநேகம். 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் கலாசாலை தோறும் இருக்கிறது. மாணாக்கர் ஏழு நாள் முகாமுக்குப் போய்க் கோயில் குளத்தைத் துப்புரவு செய்து, செடி நட்டு, படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். குளம் துப்புரவானது மகிழ்ச்சியே. அக்குளத்துக்குச் சென்ற வருஷம் எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, அது எங்கே போயிற்று என்ற கணக்கை அவர்களுக்கு எவரும் காட்டுவதில்லை. 2020-ம் வருஷம் ஜூன் மாதம் மத்திய சர்க்கார் ‘துலிப்’ என்ற பெயரில் பட்டதாரிகளை நகர ஸ்தல ஸ்தாபனங்களில் பழகவைக்கும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. யோசனை சரியானது, ஆனால் அது நகரத்தோடு நின்றது. 2024-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் ஐந்து வருஷங்களில் ஒரு கோடி யுவர்களுக்கு 500 பெரிய கம்பெனிகளில் பழக்கம், மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். கம்பெனிகளில் பழக ஒரு கோடி. பொது ஊழியத்தில் பழக எத்தனை? நிதி ஆயோக் நடத்திய பழகுநர் திட்டம் சம்பளமற்றது. பன்னிரண்டாம் வகுப்பில் 85 விகிதம் மார்க்கு வேண்டுமென்றது. டில்லியில் தன் செலவில் ஆறு வாரம் தங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது உபயோகப்படும், தென்னேரிக்கு உபயோகப்படாது.

தமிழ்நாட்டில் 2022-ல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையுடன் முதல் அணியில் 30 பேர் இரண்டு வருஷத்துக்கு எடுக்கப்பட்டார்கள். உபகாரச் சம்பளத்துடன் சர்க்கார் திட்டங்களை உள்ளிருந்து கவனிக்கவும், முடிவில் சான்றிதழ் பெறவும் வகை செய்யப்பட்டது. இதை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் அது மலையுச்சியில் ஏற்றிய தீபம். முப்பது பேர் மேலிருந்து கீழே பார்ப்பது ஒன்று. மூவாயிரம் பேர் கீழிருந்து மேலே பார்ப்பது வேறொன்று. நமக்கு இரண்டாவதுதான் அவசரம்.

இவ்வழியில் நம் மாகாணத்துக்கே முன்னோடி ஒன்றிருக்க, டில்லியைப் பார்த்துக்கொண்டு நிற்பானேன்? காந்திகிராமத்தில் ஜி. ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் 1956-ல் கிராமியக் கல்வி நிலையத்தை ஏற்படுத்தினார்கள். 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணாக்கரைக் கிராமத்தில் தங்கவைத்து ஜனங்களோடு பழகச் செய்வதைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே அங்கே வைத்தார்கள். அதற்கும் முன்னே, கோபாலகிருஷ்ண கோகலே 1905-ல் பூனாவில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு ஐந்து வருஷப் பயிற்சி விதிக்கப்பட்டிருந்தது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அதில் சேர்ந்து பின்னர் அதன் தலைவரானவர். தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் நடத்தி 1915-ல் திரும்பிய காந்திஜியையே, ஒரு வருஷம் தேசத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுமாறு கோகலே கேட்டுக்கொண்டார். அத்தகைய தொண்டருக்கே ஒரு வருஷம் கண்திறந்து பார்ப்பது அவசியமாயிருந்ததென்றால், பி.ஏ. பட்டதாரிக்கு இரண்டு மாதம் அதிகமாகுமா?

சம்பள விஷயத்தில் நாம் சற்று அழுத்தமாகவே பேச வேண்டியிருக்கிறது. சம்பளமின்றி வேலை பழகுவதற்கு நம் கச்சேரிகளில் ஒரு பழைய பெயருண்டு: உமேதுவார். நம்பிக்கையோடு காத்திருப்பவன் என்று பொருள். வெள்ளைக்காரன் காலத்தில் இவர்கள் வருஷக்கணக்காய் ஊதியமின்றிக் காகிதம் எழுதினார்கள்; வயிற்றை யார் நிரப்பியது? மனுக் கொண்டுவந்த குடியானவன்தான். லஞ்சத்தின் முதற் பாடம் அங்கே படிக்கப்பட்டது. காஞ்சீபுரத்தாருக்கு இன்னும் அண்மையில் உள்ள உதாரணத்தைச் சொல்வோம். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்குத் துணைக் கை இல்லாமல் தறி ஓடாது. அந்தத் துணைக் கை பல வருஷங்கள் சிறு பிள்ளைகளின் கையாக இருந்தது. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறிக் குழியருகே உட்கார்ந்த பிள்ளைகளும் ‘தொழில் பழகுகிறார்கள்’ என்றே சொல்லப்பட்டது. அந்தப் பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பப் பெருமுயற்சி தேவைப்பட்டது. பழக்கமென்ற நல்ல சொல்லுக்குள் எவ்வளவு கொடுமை ஒளிந்திருக்கலாமென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகையால் படி கொடுக்காத பழகுநர் திட்டம் எதையும் நாம் ஆதரிக்க மாட்டோம்.

பணத்துக்கு எங்கே போவதென்று கேட்பார்கள். ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் மத்திய தேர்வாணையப் பரீக்ஷைக்குப் படிக்கும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுப்பதென்று 2023-ல் அறிவித்தார்கள். அதே விகிதத்தில் 1,000 மாணாக்கருக்கு இரண்டு மாதம் கொடுத்தால் ஒன்றரைக் கோடி ரூபாய்தான் ஆகிறது. தமிழ்நாட்டின் வரவு செலவில் இது கடுகளவு. புத்தகத்தின்முன் உட்காருவதற்குப் பணம் தரும் சர்க்கார், பூமியின்மேல் நடப்பதற்குத் தரக் கூடாதா?

நமது யோசனை இதுதான். சென்னைச் சர்வகலாசாலை தனக்குட்பட்ட கலாசாலைகளில் பட்டப் படிப்பின் மூன்றாம் வருஷத்துக்குமுன் இரண்டு மாதப் பொது ஊழியப் பழக்கத்தை, விரும்புகிறவர்களுக்கு, மார்க்குடன் கூடிய பாடமாக ஏற்க வேண்டும். முதலில் காஞ்சீபுரம் ஜில்லாவில் மட்டும் நடத்திப் பார்க்கலாம். காலம் கோடை விடுமுறை. அப்போதுதான் ஜமாபந்தி நடக்கும், ஏரி வற்றிக் கரையும் மதகும் கண்ணுக்குத் தெரியும், மே மாதம் முதல் தேதி கிராம சபையும் கூடும். ஒரு பஞ்சாயத்துக்கு இருவர் போதும். ஒருவராவது பெண்ணாயிருப்பது நல்லது. தங்குமிடத்தை ஜில்லா நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும். இரண்டு மாத முடிவில் அவர்கள் தமிழில் ஓர் அறிக்கை எழுதி, சர்வகலாசாலைக்குக் கொடுக்குமுன் அந்த ஊர் கிராம சபையில் வாசிக்க வேண்டும். பேராசிரியர் திருத்தாத பிழையை ஊரார் திருத்துவார்கள்.

ஆக்ஷேபங்கள் வராமலிரா. ரகசியம் வெளியாகிவிடும் என்பார்கள் சில உத்தியோகஸ்தர்கள். கிராமக் கணக்கில் ஊராரிடமிருந்து மறைக்க வேண்டிய ரகசியம் என்ன இருக்கிறதென்று நமக்கு விளங்கவில்லை. 2005-ம் வருஷத்துத் தகவலறியும் சட்டம் அதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. வேலைப்பளு கூடும் என்பது இதைவிட நியாயமான ஆக்ஷேபம். இரண்டு மூன்று கிராமங்களை ஒரே அதிகாரி பார்க்குமிடங்களில், மாணாக்கனுக்குப் பாடம் சொல்ல அவருக்கு நேரமேது? ஆதலால் காலியிடங்களை நிரப்பாமல் அந்த வேலையை மாணாக்கர் தலையில் கட்டும் தந்திரத்துக்கு இத்திட்டம் இடங்கொடுக்கக் கூடாது. பழகுநர் எவரும் கையெழுத்திடவோ, பணம் வாங்கவோ, மனுவின்மேல் முடிவு சொல்லவோ அதிகாரமில்லையென்று விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது ஆக்ஷேபத்தை நாமே எழுப்புகிறோம்; அது நம் வாசகர்களில் பலரைத் தொடுவது. இத்தகைய இடங்கள் தோன்றிய மறுநாளே சிபார்சுக் கடிதங்கள் பறக்கும். வட்டச் செயலாளர் தம் மருமகனுக்கும், ஒன்றியப் பிரமுகர் தம் தம்பி மகனுக்கும் இடம் கேட்பார்கள். எந்தக் கட்சியும் இதற்கு விலக்கல்ல. ஒருமுறை அவ்வாறு நடந்தால் திட்டம் அன்றே செத்தது. கலாசாலைகளில் மனுச் செய்தவர்களுக்குள் சீட்டுக் குலுக்கித் தேர்வதுதான் இதற்கு மருந்து. குடவோலைக்கு இந்த ஜில்லாவில் பஞ்சமில்லை.

காஞ்சீபுரத்து முனிசிபல் ஆபீசில் இளமையில் குமாஸ்தாவாகக் காகிதம் எழுதிய ஒருவர் 1967-ல் இம்மாநிலத்தின் முதல் மந்திரியானார். அறிஞர் அண்ணாதுரை அவர்களைத்தான் சொல்கிறோம். அவர் அங்கே என்ன கற்றார், எதை மறந்தார் என்று ஆராய்வது நம் வேலையல்ல. குடும்பக் கஷ்டம் அவரை அந்த நாற்காலிக்குத் தள்ளிற்று. இன்றைய பிள்ளைகளைக் கஷ்டம் தள்ளுவதற்குமுன் கலாசாலை அழைத்துச் செல்லலாம். சர்வகலாசாலையின் பாடத் திட்டக் குழுவும் ஜில்லா கலெக்டரும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்தால் அடுத்த கோடைக்குள் தென்னேரியிலும் இன்னும் பத்துப் பஞ்சாயத்துகளிலும் இதைத் தொடங்கிவிடலாம். எந்தப் பஞ்சாயத்துத் தலைவர் தம் ஊர்க் கணக்கை இரு மாணாக்கருக்குத் திறந்து காட்டச் சம்மதிக்கிறார், எவர் தயங்குகிறார் என்பதை அந்தந்த ஊர் நண்பர்கள் இப்போதே விசாரித்து வைப்பது நல்லது.